இறால் பெட்டிக்குள் பேட்டரி

ராஜவேலு பயந்தவன். இதை ஊர் சொல்லி அவன் கேட்டதைவிட, அவன் சொல்லி ஊர் கேட்டதுதான் அதிகம். அடுத்தவன் கேலி செய்யுமுன் தானே செய்துகொண்டால் வலி பாதியாகக் குறையும் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டுபிடித்து வைத்திருந்தான். "நான் ஏன் ஏரியிலயே தொழில் பண்றேன் தெரியுமா? படகு கவுந்தா எழுந்து நின்னா போதும். தண்ணி இடுப்புக்குத்தான் வரும்" என்பான். அண்ணன்மார் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். இவன் பழவேற்காடு ஏரியில் இறால் வலை போட்டான். இடி இடித்தால் படகுக்குள் குப்புறப் படுத்தான். மின்னலுக்கு, நாய்க்கு, பல் டாக்டருக்கு, எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் பெண்டாட்டி மோகனப்பிரியாவின் மௌனத்துக்குப் பயந்தான். அவள் திட்டினால் சமாளித்துவிடலாம். அவள் பேசாமல் பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் அவன் மெல்லத் தெருவுக்கு நகர்ந்துவிடுவான்.

அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த பொழுதுபோக்கைப் பாருங்கள்: டிரிஃப்ட் கார். முழங்கை நீளத்தில் ஒரு ரிமோட் கார். மற்ற கார்கள் தரையைப் பிடித்துக்கொண்டு ஓடும். இது பிடிக்கக் கூடாது. அதற்கென்றே ரப்பர் இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக் டயர். வளைவில் வால் வெளியே வழுக்கிக்கொண்டு போகும், முன்சக்கரங்கள் எதிர்ப்பக்கம் திரும்பி அதைத் தாங்கும். விழப்போகிறது, விழப்போகிறது என்று தோன்றும், விழாது. வாழ்க்கையில் எதுவும் வழுக்கிவிடக் கூடாது என்று சுவரைப் பிடித்து நடக்கிற ஒருவன், வழுக்குவதற்கென்றே ஒரு வண்டியைக் கட்டினான். ஏன் என்று அவனைக் கேட்டால், "வண்டி வழுக்குனா நான் வுழ மாட்டனே" என்பான்.

குப்பத்தின் புயல் பாதுகாப்பு மையத்துத் தரை வழவழவென்றிருக்கும். புயல் இல்லாத நாட்களில் அது ராஜவேலுவின் மைதானம். வண்டியின் பின்பாரம் போதவில்லை என்று வலையிலிருந்து ஈயக்குண்டுகளை அறுத்துத் தகட்டில் ஒட்டினான். முன்பக்கம் இடித்து உடையாமலிருக்க வலை மிதவையைச் சீவிப் பொருத்தினான். வண்டி எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று தானே பார்த்து முன்சக்கரத்தைத் திருத்துகிற கைரோ என்கிற சின்னப் பெட்டி ஒன்று உண்டு. அதன் திருகை மயிரிழை திருப்பினால் வண்டி நடுங்கும், மயிரிழை குறைத்தால் சுற்றிக்கொள்ளும். அந்த மயிரிழையில் அவன் ஞாயிற்றுக்கிழமைகள் போயின. மேல்கூடு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக். உள்பக்கத்திலிருந்துதான் வண்ணம் பூச வேண்டும். படகுக்குப் பூசும் நீலமும் மஞ்சளும் பூசி, முகப்பில் 'பிரியா' என்று எழுதினான். உள்ளிருந்து எழுதியதால் வெளியே அது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தது. "என் பேரையே திருப்பிப் போட்ட மனுசன்" என்று அவள் எல்லோரிடமும் சொல்லிக் காட்டினாள். சொல்லும்போது சிரித்தாள் என்பதால் அவன் அழிக்கவில்லை.

அவள் போட்டிருந்த சட்டம் ஒன்றே ஒன்று. "உன் வண்டி, உன் பேட்டரி, உன் எண்ணெ, எது வேணா வூட்ல வெச்சுக்கோ. என் ஐஸ் பெட்டியாண்ட மட்டும் வராத. அதுல மீனத் தவிர ஒண்ணும் போவக் கூடாது." அந்தத் தெர்மாக்கோல் பெட்டிதான் அவள் தொழில். பொன்னேரி மார்க்கெட்டில் அவள் கட்டிவரும் இறாலுக்குத் தனிக் கிராக்கி. காலையில் பெட்டியைக் கட்டி, வாயை டேப் போட்டு ஒட்டினாள் என்றால் மார்க்கெட்டில் உட்கார்ந்த பிறகுதான் பிரிப்பாள். வழியில் யார் கேட்டாலும், போலீஸ்காரரே கேட்டாலும், திறக்க மாட்டாள். திறந்தால் குளிர் போய்விடும். குளிர் போனால் பேர் போய்விடும்.

அந்தப் பெட்டிக்குள்தான் ராஜவேலு வீங்கிய பேட்டரியை வைத்தான்.

வைத்தது ஒரு நாள் சாயங்காலம். சார்ஜ் போட்டிருந்த பேட்டரியை எடுத்துப் பார்த்தால், பிஸ்கட் பாக்கெட் மாதிரி தட்டையாக இருந்தது தலையணை மாதிரி உப்பியிருந்தது. சென்னைப் பையன் ஒருவன் பழசென்று தள்ளிவிட்டது. வேறொருவனாயிருந்தால் பதறி வெளியே எறிந்திருப்பான். ராஜவேலு மீன்காரன். வயிறு உப்பின மீனையும் பார்த்திருக்கிறான், உப்பாமல் காப்பாற்றின மீனையும் பார்த்திருக்கிறான். உப்புவது சூட்டினால், சூட்டுக்கு மருந்து ஐஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பேட்டரியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி, மறுநாளைக்கென்று பெட்டியின் அடியில் அவள் கொட்டி வைத்திருந்த ஐஸ் தூளுக்குள் புதைத்தான். குளிர் கூடட்டும் என்று, இறாலுக்குச் செய்வதுபோலவே ஒரு கை கல்லுப்பும் தூவினான். விடிவதற்குள் எடுத்துவிடலாம் என்று நினைத்தான். அதை டிரிஃப்ட் கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பெருமையாகப் போடவும் செய்தான்: 'பேட்டரி வீங்கியது. ஐஸில் வைத்துள்ளேன். காலையில் வற்றிவிடும்.'

விடியலில் வலை எடுக்கப் போனவன் பேட்டரியைச் சுத்தமாக மறந்துபோனான். அன்றைக்கு இறால் அப்படி விழுந்திருந்தது. கரையிலேயே பிரியாவிடம் கூடையைக் கொடுத்துவிட்டு வலையை அலசப் போய்விட்டான். அலசி, உலர்த்தி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனைத் திறந்தபோது குழு முழுக்க எச்சரிக்கையும் தீப்படமுமாக இருந்தது. பெரம்பூர் முரளி என்பவர், குழுவில் பெரிய கை, எழுதியிருந்தார்: 'அண்ணா, வெளியே எடுங்க. வீங்கினது உள்ளே கேஸ். உப்புத் தண்ணி ஒயர் முனையில பட்டா ஷார்ட் ஆகும். தண்ணி ஊத்தினாலும் சட்டுனு அணையாது. மேல எதையும் வைக்காதீங்க, அழுத்தாதீங்க. அண்ணா பதில் போடுங்க. அண்ணா?'

ராஜவேலு டீயைப் பெஞ்சின் மேல் வைத்தான். அதாவது, வைத்ததாக நினைத்தான். டீ அவன் தொடையில்தான் இருந்தது. சூடு உறைக்கவே இல்லை.

ஓடினான். வீட்டில் பெட்டி இல்லை. பெட்டி இருந்த இடத்தில் ஈரத் தடம் மட்டும் இருந்தது.

போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"பிரியா, எங்க கீற?"

"ஆட்டோவுல. பின்ன எங்க கீறேன்? இன்னா?"

"பெட்டி?"

"பெட்டி மேலதான்யா உக்காந்துனு கீறேன். எடம் எங்க கீது? ரோஸ்மேரி, லோகாம்பா அக்கா, அவுங்க கூடை, மூர்த்தி ஆட்டோவ நிரப்பித்தானே எடுப்பான்? ஏன், இன்னா?"

மேல எதையும் வைக்காதீங்க, அழுத்தாதீங்க. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். 'என் பெட்டியாண்ட மட்டும் வராத' என்ற குரல் காதில் கேட்டது. ஆட்டோவில் இரண்டு பெண்கள் வேறு கேட்டுக்கொண்டிருப்பார்கள். சாவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் நின்று, அந்த நொடியில் எது அதிகம் பயம் என்று அவனுக்கே தெளிவாகத் தெரியவில்லை. அந்தக் குழப்பத்தில் ஒரு பொய் வந்து விழுந்தது.

"ஒண்ணுமில்லமே... என் மோதிரம் பெட்டியில வுழுந்துட்ட மாரி கீது. நீ ஒண்ணு பண்ணு. பெட்டிய எறக்கி ரோட்டோரம் வெச்சுட்டு, கொஞ்சம் தள்ளிப் போயி நில்லு. நான் வந்துடறேன்."

"மோதிரமா? எந்த மோதிரம்?"

"அதான்... கல்யாண மோதிரம்."

பெட்டியைத்தான் அவள் வழியில் திறக்கவே மாட்டாளே, இறக்கிவைத்துவிட்டுத் திட்டிக்கொண்டு நிற்பாள் என்பது அவன் கணக்கு. ஆனால் அந்தப் பக்கம் அவள் குரல் மாறியிருந்தது. திட்டும் குரல் இல்லை.

"அத்தப் போயி ஏன்யா கழட்டின? எறாலோட எறாலா எவனாவது தூக்கினு பூடுவான். இரு. மூர்த்தி, ஓரங்கட்டு. அக்கா, கொஞ்சம் தள்ளு, அந்தாளு கல்யாண மோதிரம் உள்ள கீதாம்."

"இன்னாது, பெட்டியப் பிரிக்கிறியா? நீயா?" என்று லோகாம்பாள் பின்னாலிருந்து கேட்டது காதில் விழுந்தது. "அப்ப மழ வரும்டி இன்னிக்கு."

"பிரிக்காத!" என்று ராஜவேலு கத்தினான். "பிரியா, உள்ள கைய வுடாத! கைய வுடாதமே!"

டேப் கிழியும் சத்தம் டர்ரென்று வந்தது. அவள் போனை எங்கோ வைத்துவிட்டிருந்தாள். ஐஸ் தூள் சரசரத்தது. ரோஸ்மேரி ஏதோ சொல்லிச் சிரித்தாள். ராஜவேலு போனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். டீக்கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தது.

"யோவ்," என்று அவள் குரல் எட்டத்தில் கேட்டது. "இன்னாய்யா இது, அடியில ஏதோ பொட்டலம் மாரி... ஐஸ்ல கீது, ஆனா சுடுதுய்யா..."

போன் அறுந்தது.

திரும்பப் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். அந்தப் பெண்ணின் நிதானத்தை அவன் வாழ்நாளில் மன்னிக்கப் போவதில்லை.

டீக்கடைக்காரர் சந்தியாகுவின் பைக் கடைவாசலில் சாவியோடு நின்றது. "எடுத்துனு போறேன்" என்றுகூடச் சொல்லவில்லை. ஏதோ ஒரு உயிரெழுத்தை மட்டும் சொல்லிவிட்டு ஏறினான். பைக்கில் அவன் எப்போதும் சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகத்தில் போகிறவன். அன்றைக்குப் பொன்னேரி ரோட்டில் எருமைகள் ஒதுங்கின. காதுக்குள் காற்று ஓலமிட்டது. ஒவ்வொரு வளைவிலும் தூரத்தில் புகை தெரிகிறதா என்று பார்த்தான். தெரியாதபோதும் பயமாக இருந்தது, ஏனென்றால் அடுத்த வளைவு பாக்கி இருந்தது. அவள் கை அவன் கண்முன் வந்துகொண்டே இருந்தது. இறால் முள் குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் புள்ளிபுள்ளியாக இருக்கிற கை. உப்பிலும் ஐஸிலும் ஊறி, சாயங்காலம் பார்த்தால் கிழவி கை மாதிரி சுருங்கியிருக்கும். அதைத் தன் தலையில் வைத்துக்கொண்டுதான் அவன் தூங்குவான். மாரியம்மா, அந்தக் கை மேல ஒண்ணும் படக் கூடாது. வேணும்னா என் கைய எடுத்துக்கோ. ரெண்டையும் எடுத்துக்கோ, நான் வலைய வாயில இழுக்கறேன்.

மெதூர்ப் பக்கம் ரோட்டிலேயே வைக்கோல் பரப்பியிருந்தார்கள். அதன் மேல் ஏறியதும் பைக்கின் வால் சர்ரென்று பக்கவாட்டில் போனது. கைப்பிடி தானாக எதிர்ப்பக்கம் திரும்ப, வண்டி இரண்டு முறை ஆடி நேரானது. இதைப் பிற்பாடு குழுவில் 'நிஜ டிரிஃப்ட்' என்று எழுதிக்கொள்ளலாம். உள்ளதைச் சொன்னால், அப்போது அவன் கண்ணை மூடியிருந்தான்.

கண்ணைத் திறந்தபோது ஆட்டோ தெரிந்தது.

ரோட்டோரம் சாய்ந்து, ஆளில்லாமல் நின்றது. மூர்த்தியும் ரோஸ்மேரியும் லோகாம்பாளும் எதிர்ப்புற வரப்பில் எட்ட நின்றிருந்தார்கள். ராஜவேலு பைக்கை அப்படியே போட்டுவிட்டு எண்ணிப் பார்த்தான். மறுபடி எண்ணிப் பார்த்தான். அவள் இல்லை.

"அண்ணே!" என்று ரோஸ்மேரி கத்தினாள். "அந்தாண்ட கீறா பாரு! சொன்னா கேக்க மாட்றா!"

ஆட்டோவுக்கு அந்தப் பக்கம், வயலை ஒட்டி, பெட்டி மண்ணில் இருந்தது. அதன் எதிரில் பிரியா குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் இறாலை அள்ளி அலுமினியக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். சுட்ட பொட்டலத்துக்குள் அவன் பேட்டரியைப் பார்த்ததும் அவள் பயத்தில் அதைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டிருந்தாள். ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்கியதோடு எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவளும் ஓடி, பாதி வழியில் இறாலை நினைத்துத் திரும்பியிருந்தாள். பெட்டியிலிருந்து நெயில் பாலிஷ் மாதிரி ஒரு தித்திப்பு நாற்றம் வந்தது. குக்கர் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம், மெல்ல.

"வுட்டுட்டு வா!" என்றான். "வா!"

"பாதி எடுத்துட்டேன்யா. இரு, அவ்ளோதான்."

ராஜவேலுவின் கால்கள் அங்கேயே நின்றன. அவற்றோடு பேச்சுவார்த்தை நடத்த நேரமில்லை. அவை வராவிட்டால் பரவாயில்லை என்று உடம்பை முன்னால் எறிந்தான். விழாமலிருக்க வேண்டிக் கால்கள் பின்னால் ஓடிவந்தன. அவள் தோளைப் பிடித்து இழுத்தான். அவள் கூடையை விடவில்லை. "எறா போவுதுய்யா!" என்று திமிறினாள்.

"போவட்டும்! எறா போனா நாளைக்கு வரும்! நீ..." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் நேருக்கு நேர் கத்தியதில்லை. அந்த ஆச்சரியத்தில் அவள் பிடி தளர்ந்தது. இருவரும் கூடையுமாக வரப்பில் சறுக்கி வயல் சேற்றில் விழுந்தார்கள்.

அப்போதுதான் அது பிடித்தது. பெரிய வெடிச் சத்தமெல்லாம் இல்லை. புஸ்ஸென்று ஒரு சீறல், பெட்டியின் வாயிலிருந்து ஆள் உயரத்துக்கு வெள்ளை நெருப்பு, நேராக, பம்பு வைத்து அடித்த மாதிரி. சற்று முன் அவள் முகம் இருந்த இடம் அது. தெர்மாக்கோல் கருகி உருகி, கரும்புகை சுருண்டு வயல்மேல் போனது. மூர்த்தி ஓடிவந்து ரோட்டோர மணலைச் சட்டியில் வாரி வாரிக் கொட்டினான். வெகு நேரம் கொட்டினான்.

பெட்டி இருந்த இடத்தில் கருப்பாக ஒரு கூழும், சிவந்து சுருண்ட இறால்களும் மிஞ்சின. ரோஸ்மேரி சிலுவைக்குறி போட்டாள். லோகாம்பாள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "வறுவல் வாசன நல்லாத்தான் கீது" என்றாள். சொன்னவள் ரோஸ்மேரியின் தோளை இறுகப் பிடித்திருந்தாள்.

பிரியா சேற்றிலிருந்து எழவில்லை. ராஜவேலு அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இடக்கை விரல் நுனிகள் சிவந்திருந்தன, அவ்வளவுதான். அவள் தன் கையைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மோதிர விரலை.

"மோதிரம் எங்க வுழுந்துச்சுன்னு சொன்ன?"

மோதிரம் வழக்கமான இடத்தில் சேறு பூசிக்கொண்டு இருந்தது.

"பேட்டரின்னு சொல்லியிருந்தா நான் தொட்டிருப்பனா?" என்றாள். குரல் உயரவே இல்லை. "கீழ குதிச்சு ஓடியிருப்பேன்ல? நான் திட்டுவேன்னு பயந்துக்கினு, என் கையவே உள்ள வுட வெச்சியேய்யா."

இதற்குச் சொல்ல அவனிடம் ஒரு கேலியும் இல்லை. தேடிப் பார்த்தான், எப்போதும் கைவசம் இருக்கிற ஒன்றுகூட வரவில்லை. வாயைத் திறந்ததும் அழுகைதான் வந்தது, ஊர்ப் பெண்கள் பார்க்க, மூர்த்தி பார்க்க, மூக்கு ஒழுக. "எல்லாத்தையும் ஏரியில தூக்கிப் போட்டுடறேன்" என்றான். "வண்டி, ரிமோட்டு, எல்லாம்."

"வண்டி இன்னா பண்ணுச்சு, அத்தப் போயி போடற?" என்றாள். முகத்தில் தெறித்த சேற்றைத் தோளால் துடைத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று அவள் கண் விரிந்தது. "இந்த மாரி இன்னும் கீதா?"

அவன் தலையைக் குனிந்தான். இந்த முறை பொய் சொல்லும் யோசனையே வரவில்லை. "கீது."

"வீங்கியா?"

"ஒண்ணு மட்டும் லேசா."

"எங்க?"

"கட்டிலுக்கு அடியில. துணி மூட்டைக்குப் பின்னாடி."

மூவரும் படுக்கிற கட்டில். மகள் சுபஸ்ரீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதன் மேல்தான் ஏறிக் குதிப்பாள். பிரியா ஒரு கணம் அவனை அடிக்கப்போவதுபோல் பார்த்தாள். எழுந்தாள். கூடையில் மிஞ்சிய இறாலை ரோஸ்மேரியிடம் கொடுத்தாள். "மார்க்கெட்ல நீயே வித்துடு. யாராவது கேட்டா பிரியாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு சொல்லு. பெட்டி எரிஞ்சுதுன்னு சொல்லாத."

"நான் போயி எடுத்துப் போட்டுடறேன்மே. நீ வராத" என்றான் ராஜவேலு. "நீ கிட்ட வர வேணாம்."

"தனியா வுட்டா நீ பயத்துல அதத் தூக்கி எங்க வெப்பியோ. அடுப்புல வெப்ப." அவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீ எப்பவும் சொல்லுவியே, முரளியோ கிரளியோ, அந்தாளுக்கு வழியிலயே போன் போடு. எப்பிடி எடுக்கணும், எதுல வெக்கணும்னு கேப்போம். நானே பேசறேன். நீ எதையாவது முழுங்கிட்டுச் சொல்லுவ."

மூர்த்தி பைக்கை நிமிர்த்திக் கொடுத்தான். ராஜவேலு மூன்று முறை உதைத்தும் பைக் கிளம்பவில்லை. சாவியைத் திருப்பாமலே உதைத்திருந்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தாள். எப்போதும் அவள் கம்பியைத்தான் பிடிப்பாள்.

வைக்கோல் பரப்பிய இடம் வந்தது. ஒரு சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே அவர்களை முந்திப் போனார்.

"மெதுவா போ" என்றாள்.

"இதுக்கு மேல மெதுவா போனா வுழுந்துடுவோம்மே."

"வுழுந்தா வுழுவோம். மெதுவா போய்யா."